நூல் யார் கையில்? கற்சிற்ப வேலைமுறையை ஓர் அனிமேஷன் படத்துக்குப் பொருத்திப் பார்த்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கண்காட்சி அரங்கு ஒன்றில் தொடர்ந்து ஓடுவதற்காக 6 நிமிட முப்பரிமாண அனிமேஷன் படம் ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பு, சென்னையில் இயங்கும் 14 பேர் கொண்ட சிறு குழுவுக்கு வந்தது. கருங்கல்லில் செதுக்கப்பட்ட ஆடல் மகள் ஒருத்தி சுவரிலிருந்து பிரிந்து வந்து, நாட்டிய சாஸ்திரம் வகுத்த ஆடல் அலகுகளான கரணங்களில் எட்டை ஆடிவிட்டு மீண்டும் கல்லுக்குள் திரும்புவதுதான் கதை. அக்குழுவில் நான் தயாரிப்பு மேற்பார்வையாளராக இருந்தேன். படம் 42 ஷாட்டுகளாகப் பிரிக்கப்பட்டது; விநாடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் மொத்தம் 8,640 ஃபிரேம்கள். ஒப்பந்தக் காலம் 16 வாரங்கள்.

எடுத்துக்கொண்ட பொருளே கோயில் சிற்பம் என்பதால், முதல் கூட்டத்திலிருந்தே கோயில் பணியையும் அனிமேஷன் பணியையும் ஒப்பிட்டுப் பேசுவது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. தாராசுரம் கோயிலின் அடித்தளத்தில் நாயன்மார் வரலாறுகள் சிறு சிறு கட்டங்களாக, பெயர்ப் பொறிப்புகளுடன் செதுக்கப்பட்டிருப்பதை ஸ்டோரிபோர்டு என்றோம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் தளத்தில் உள்ள கரணச் சிற்பங்களைக் கீ போஸ்கள் (அசைவைத் தீர்மானிக்கும் முக்கிய நிலைகள்) என்றோம். அங்கு 108 கரணங்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டு, 81 மட்டுமே செதுக்கப்பட்டுள்ளன; மீதி 27 இடங்களில் கல் வெறுமையாக நிற்கிறது. இத்தகைய ஒப்புமைகள் படத்தைச் செய்து தரக் கேட்டவர்களுக்குத் திட்டத்தை விளக்க நன்றாகவே பயன்பட்டன. வேலைக்கு அவற்றால் ஒரு பயனும் விளையவில்லை என்பது 7ஆம் வாரத்தில்தான் தெரிந்தது.

7ஆம் வாரத்தில் கவனித்தவை

அதுவரை ஷாட்டுகளைத் தனித்தனியாகவே பார்த்து ஒப்புதல் அளித்து வந்தோம். 7ஆம் வாரத்தின் இறுதியில்தான் 42 ஷாட்டுகளையும், முடிந்தது முடிந்தபடியும் முடியாதது முடியாதபடியும், கதை வரிசையில் கோத்து ஒரே ஓட்டமாகப் பார்த்தோம். மூன்று குறைகள் வெளிப்பட்டன.

முதலாவது, ஆடல் மகளின் உயரம் ஷாட்டுக்கு ஷாட் மாறியது. திரைச் சட்டத்துக்குள் அழகாகப் பொருந்த வேண்டும் என்பதற்காக 9 ஷாட்டுகளில் வெவ்வேறு கைகள் உருவத்தைச் சற்றுப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ இருந்தன. தனியாகப் பார்க்கும்போது யார் கண்ணிலும் படாத இம்மாற்றம், தூணுக்கு அருகில் நின்ற ஷாட்டும் தூணைக் கடக்கும் ஷாட்டும் அடுத்தடுத்து வந்தபோது உறுத்தலாகத் தெரிந்தது. இரண்டாவது, பாலிஷ் (கடைசி நுணுக்க மெருகு) வரை முடித்திருந்த 17 ஷாட்டுகளில் 11 ஷாட்டுகளை மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. விரல் நுனியும் இமையும் நுணுக்கமாக இயங்கின. ஆனால் உடலின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்பது முடிவாகவே இல்லை. மூன்றாவது குறை சொல்வதற்குக் கடினமானது: கரணங்கள் சிற்பத்தைப் போல இருந்தன, ஆடலைப் போல இல்லை. ஒவ்வொரு கரணமும் ஒரு நிலைக்குப் போய் நின்று, பிறகு அடுத்த நிலைக்குத் தாவியது.

இக்குறைகளுக்கு யார் காரணம் என்று அன்று நடந்த வாதத்தை இங்கே விரிக்கத் தேவையில்லை. ரிக் (உருவத்தை அசைக்கும் உள் எலும்புச் சட்டகம்) செய்தவர், லேஅவுட் (கேமராவும் உருவமும் நிற்கும் இட அமைப்பு) செய்தவர், இயக்குநர் ஆகிய மூவரும் தத்தம் கோப்பில் உள்ள அளவே சரியானது என்றனர். மூவர் சொன்னதும் அவரவர் கோப்பளவில் உண்மை.

பட்டறையில் ஒரு நாள்

8ஆம் வாரத்தில், கல் உடையும் ஓசையைப் பதிவு செய்வதற்காக மாமல்லபுரத்தில் உள்ள ஒரு சிற்பப் பட்டறைக்கு நாங்கள் நால்வர் சென்றோம். வேலைமுறையைக் கற்கும் எண்ணம் எங்களுக்கு இருக்கவில்லை. ஓசைப் பதிவுக்காகக் காத்திருந்த வேளையில் புதிதாக வந்திறங்கிய கல் ஒன்றில் வேலை தொடங்கியது. உதவியாளர் ஒருவர் காவிக் குழம்பில் தோய்த்த நூலின் ஒரு முனையைக் கல்லின் உச்சியில் அழுத்திப் பிடிக்க, மற்றொருவர் மறுமுனையை அடியில் இழுத்துப் பிடித்து, நடுவில் விரலால் நூலைத் தூக்கி விட்டார். நூல் கல்லில் அடித்த இடத்தில் நேர்க்கோடு ஒன்று சிவப்பாக விழுந்தது. அந்த நடுக்கோட்டிலிருந்தே எல்லா அளவும் எடுக்கப்பட்டன. அருகில் பாதி முடிந்த நிலையில் அம்மன் சிலை ஒன்று நின்றது. தலை, மார்பு, இடை, கால் எல்லாம் ஒரே அளவு கரடாக இருந்தன. எந்த உறுப்பும் மற்றோர் உறுப்பை முந்திப் போகவில்லை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், மூக்கைவிடப் பெரிதாக ஒரு கட்டிக் கல் விடப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, முகத்தில் எங்கே பிசகினாலும் சரிக்கட்ட அங்கேதான் கல் தேவைப்படும் என்றார் ஸ்தபதி.

எங்களுடன் வந்த இளம் அனிமேட்டர், தான் முடித்திருந்த ஷாட் ஒன்றை மடிக்கணினியில் அவருக்குக் காட்டினார். முகபாவம் மிக நன்றாக அமைந்த ஷாட் அது. ஸ்தபதி இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணைத் திறந்துட்டீங்க தம்பி, இன்னும் காலு தரையில ஊனலையே" என்றார். சிலைக்குக் கண் திறப்பது கடைசி வேலை என்பதும், அதற்கென்று நாளும் வேளையும் பார்க்கப்படும் என்பதும் எங்களுக்குத் தெரிந்த செய்திதான். அதை எங்கள் வேலை வரிசையோடு சேர்த்து எவரும் யோசித்ததில்லை. சற்று நேரம் கழித்து, இந்தப் பொம்மைக்கு நூல் யார் கையில் இருக்கிறது என்று அவர் கேட்டபோது எங்கள் நால்வரிடமும் பதில் இல்லை.

அக்கேள்வி வாய்ப்பேச்சாக வந்தாலும் அதன் பின்னால் ஒரு பணிப்பிரிவு இருக்கிறது. மயமதம் முதலிய சிற்ப நூல்கள் பணியாளரை நால்வராகப் பகுக்கின்றன: முழுப் பணியையும் வகுக்கும் ஸ்தபதி, நூலும் கோலும் பிடித்து அளவு காக்கும் சூத்திரகிராகி, வெட்டிச் செதுக்கும் தட்சகன், துண்டுகளை இணைத்து முடிக்கும் வர்த்தகி. எங்கள் குழுவில் இயக்குநர் இருந்தார், செதுக்குபவர்களாக அனிமேட்டர்கள் ஒன்பது பேர் இருந்தனர், இணைக்கும் காம்பாசிட்டிங் கலைஞர் இருந்தார். அளவு காக்கும் ஆள் மட்டும் இல்லை. அந்தப் பொறுப்பு எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருந்ததால் எவரிடமும் இல்லாமற் போயிற்று.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

9ஆம் வாரத்தின் தொடக்கத்தில் நான்கு முடிவுகள் எடுக்கப்பட்டன.

ரிக் பிரிவில் இருந்த ஒருவரை மற்ற எல்லா வேலைகளிலிருந்தும் விடுவித்து, அளவு காக்கும் பொறுப்பை அவரிடம் மட்டும் ஒப்படைத்தோம். உருவத்தின் உயரம், ரிக்கின் பதிப்பு, கேமரா லென்ஸ், தளத்தின் மட்டம் ஆகிய நான்கையும் அவர் ஒப்பாமல் எவரும் மாற்றக் கூடாது. அவர் எந்த ஷாட்டையும் அனிமேட் செய்யக் கூடாது. இரண்டாவது நிபந்தனை வீண் செலவு என்று நிர்வாகத் தரப்பில் கேள்வி எழுந்தது. செதுக்குபவரே அளவும் காத்தால் தன் ஷாட்டின் அழகுக்காக அளவை வளைப்பார் என்பதை 9 ஷாட்டுகளில் கண்டிருந்தபடியால் அதில் விட்டுக்கொடுக்கவில்லை. அளவுக்கு அவர் சிற்ப மரபின் உருவ அளவு முறையான தாளமானத்தையே எடுத்துக்கொண்டார். தேவியர் உருவங்களுக்கு உரிய மத்திம தசதாளத்தில் மொத்த உயரம் 120 அங்குலம். இந்த அங்குலம் கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலமன்று. சிலையின் உயரத்தை 120 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. சிலை சாண் உயரமாயினும் ஆள் உயரமாயினும் உறுப்புகளுக்கிடையிலான கணக்கு மாறாது. 120 பகுப்புகள் கொண்ட கோல் ஒன்றை ஒவ்வொரு காட்சிக் கோப்பிலும் உருவத்தின் காலடியில் நட்டு, ரெண்டரில், அதாவது இறுதிப் படத்தில், தெரியாதபடி அமைத்தார். கோலுக்கும் உருவத்துக்கும் இடையே ஒரு பங்கு மாறினாலும் கோப்பைத் திறந்தவுடன் தெரிந்துவிடும்.

இரண்டாவதாக, 42 ஷாட்டுகளிலும் நுணுக்க வேலையைக் கழற்றி, கீ போஸ்கள் மட்டும் நிற்கும் பிளாக்கிங் நிலைக்குக் கொண்டுவந்தோம். இனி முழுப் படமும் ஒரே அடுக்காக நகர வேண்டும்: முதலில் பாரமும் பாதமும், பிறகு இடுப்பும் முதுகும், அடுத்துக் கைகள், முகமும் கண்ணும் கடைசியில். இதற்குக் குழுவின் மூத்த கலைஞர் ஒருவர் சொன்ன மறுப்பு வலுவானது. கழுகுமலை வெட்டுவான் கோயிலில் பாண்டியர் காலச் சிற்பிகள் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்தார்கள்; விமானத்தின் மேற்பகுதிச் சிற்பங்கள் முற்றுப்பெற்றிருக்க, கீழ்ப்பகுதி முடிவடையாமல் இருக்கிறது. மாமல்லபுரத்தின் பிடாரி ரதங்களிலும் வலையன்குட்டை ரதத்திலும்கூட மேலே உருவம், கீழே பாறை. அப்படியிருக்க ஒரு பகுதியை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதும் மரபுதானே என்றார்.

அவர் கூற்றை ஆராய்ந்தபோது, மரபுக்குள்ளேயே இரண்டு வேலை வரிசைகள் இருப்பது தெளிவாயிற்று. ஒற்றைக்கல் தளிகளில் வெட்டப்படாத பாறையே சிற்பிக்கு நிற்கும் தளமாகிறது. கீழே இறங்கிய பிறகு மேலே ஏறி வேலை செய்ய இடம் இருக்காது, ஆகவே மேலே உள்ளதை அப்போதே முடித்தாக வேண்டும். தனிச் சிலையில் சிற்பி நாற்புறமும் சுற்றி வர முடியும். ஓர் உறுப்பின் அளவு மற்றோர் உறுப்பின் அளவைச் சார்ந்தும் இருக்கிறது, எனவே எல்லாம் ஒன்றாக வெளிவர வேண்டும். இதன்படி எங்கள் வேலையையும் இரண்டாகப் பிரித்தோம். மண்டபம், தூண்கள், ஒளியமைப்பு ஆகிய பின்னணிக் காட்சிகள் ஒருமுறை முடித்தால் திரும்பத் தொடத் தேவையில்லாதவை. அவற்றை ஒவ்வொன்றாக முழுதும் முடித்துவிடலாம். ஆடல் மகள் வரும் எல்லா ஷாட்டுகளும் ஒரே சிலை. இந்த ஆய்வில் பிறருக்கும் பயன்படக்கூடியது ஒன்று உண்டென்றால் அது இந்தப் பிரிப்புதான் என்று கருதுகிறேன்.

மூன்றாவது முடிவு கரணங்களைப் பற்றியது. கையும் காலும் இயைந்து இயங்குவதே கரணம் என்று நாட்டிய சாஸ்திரம் வரையறுக்கிறது; அதை உறைந்த நிலையாகக் கொள்ளாமல் அசைவாகக் கொள்ள வேண்டும் என்பதை நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் தம் ஆய்வுகளில் வலியுறுத்தி, ஆடியும் காட்டினார். சிற்பி அந்த அசைவின் ஒரு கணத்தைத்தான் பிடிக்க முடியும். நாங்களோ, சிற்பத்தில் உள்ள நிலையே அசைவின் உச்சம் என்று எட்டுக் கரணங்களிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருந்தோம். நடன ஆசிரியை ஒருவரை இரண்டு நாள் வரவழைத்து, எட்டையும் ஆடச் சொல்லிப் பதிவு செய்து, சிற்பம் பிடித்த கணம் அசைவின் தொடக்கமா, நடுவா, முடிவா என்று குறித்தோம். மூன்று கரணங்களில் அது கடந்து செல்லும் கணமாக இருந்தது. அங்கே உருவத்தை நிறுத்தியதுதான் தாவலுக்குக் காரணம்.

நான்காவதாக, அளவு காப்பவர் ஒப்புதல் அளித்த லேஅவுட்டை அதன் பிறகு மாற்றுவதில்லை என்று விதித்தோம். கல்லில் வெட்டியதை மீட்க முடியாது என்ற எண்ணமே இவ்விதிக்கு அடிப்படை. இதை முன்மொழிந்தவன் நான்.

பின்னர் நடந்தது

முதல் மூன்று முடிவுகளின் பலன் 10ஆம் வாரத்திலேயே தெரிந்தது. கீ போஸ்கள் மட்டுமே இருந்த முரட்டு ஓட்டத்தில் கால்கள் தரையில் நின்றன. முகமே இல்லாத அந்த உருவத்தைப் பார்த்து, இவள் இடது காலில் நிற்கிறாள் என்று வெளியாள் ஒருவர் சொல்ல முடிந்தது. 42 ஷாட்டுகளும் ஒரே நிலையில் இருந்ததால் இயக்குநரின் கருத்துகளும் படம் முழுவதையும் பற்றியனவாக மாறின. ஒரு விரலைப் பற்றி அரை மணி நேரம் பேசுவது நின்றது.

11ஆம் வாரத்தில் நான்காவது முடிவு எங்களைத் தடுக்கி விழவைத்தது. இரண்டாம் முறை வந்த நடன ஆசிரியை தொடக்கக் காட்சியைப் பார்த்ததும், கைகள் பக்கம் மாறியிருக்கின்றன என்றார். கரண வரிசையில் முதலாவதான தலபுஷ்பபுடத்தில் மலர் ஏந்திய கைகள் உடலின் இடப்பக்கம் வர வேண்டும். எங்கள் படத்தில் வலப்பக்கம் இருந்தன. லேஅவுட் கட்டத்தில் தூண் வலப்பக்கம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பார்த்துச் செய்வதற்கான மேற்கோள் படத்தை யாரோ இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். ஆசிரியை ஆடிக் காட்டிய பதிவும், எங்கள் காட்சியோடு ஒத்துப்போக வேண்டுமென்று, அதே போலத் திருப்பப்பட்டிருந்தது. அளவு காப்பவரின் சோதனைகள் எல்லாவற்றிலும் அந்த ஷாட் தேறியிருந்தது. அதில் அவர் தவறு எதுவும் இல்லை. கண்ணாடிப் பிம்பத்தில் எந்த அளவும் மாறுவதில்லை, கோல் அதைக் காட்டிக்கொடுக்காது.

லேஅவுட் பூட்டப்பட்டுவிட்டது என்ற விதியைச் சுட்டிக்காட்டி முதல் நான்கு நாட்கள் நான் திருத்தத்தை ஏற்கவில்லை. கரணத்தின் பக்கம் தவறாக இருக்கும் படத்தைக் கரணங்களைப் பற்றிய அரங்கில் வைக்க முடியாது என்பது வெளிப்படையான பிறகே இசைந்தேன். ஒன்றோடொன்று தொடர்ந்த 5 ஷாட்டுகளை மறுபடி செய்ய நேர்ந்தது. அந்த வேலையை இரட்டிப்பாக்கியது இன்னொன்று: ஷாட்டுகளை அவற்றின் சரியான நீளத்துக்கே வெட்டியிருந்தோம். முன்னும் பின்னும் வழக்கமாக விடும் கூடுதல் ஃபிரேம்களை, பூட்டியாயிற்றே என்ற துணிவில் விடவில்லை. சட்டத்தின் ஓரங்களிலும் கூடுதல் இடம் இல்லை. பக்கம் மாறியபோது வெட்டும் இடங்களும் மாறின, நகர்த்துவதற்கோ இடம் இல்லை. பட்டறையில் மூக்குக்கு விட்டிருந்த கட்டிக் கல் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாற்ற முடியாத பொருளில் வேலை செய்பவர், மாற்றம் வரும் என்பதற்காகவே கல்லை மிச்சம் வைத்திருந்தார். அவரிடமிருந்து நான் எடுத்து வந்ததோ மாற்ற முடியாமையை மட்டும்.

15ஆம் வாரத்தில் 3 ஷாட்டுகள் எப்படியும் முடியாது என்று தெரிந்தது. தஞ்சையின் 27 வெறுங்கற்களைப் போல அவற்றைச் சாம்பல் நிற முரட்டு உருவமாகவே விட்டுவிடலாம், பார்ப்பவர்கள் நயமாகவே எடுத்துக்கொள்வார்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் மறுத்தேன். அந்த 27 கற்களும் சுவரில் தத்தம் இடத்தில் ஏற்றப்பட்டு, கட்டுமானத்தின் பாரத்தைத் தாங்கி நிற்கின்றன; எங்கள் 3 ஷாட்டுகள் எதையும் தாங்கவில்லை. அவற்றை நீக்கிப் படத்தை 5 நிமிடம் 34 விநாடியாகத் தொகுத்தோம். நீளம் குறைந்ததைப் படத்தைக் கேட்டவர்களிடம் உள்ளபடியே தெரிவித்தோம், ஏற்றுக்கொண்டார்கள். 19ஆம் வாரத்தில், அதாவது மூன்று வாரத் தாமதத்துடன், படம் ஒப்படைக்கப்பட்டது. 9ஆம் வாரத்துக்குப் பிறகு பாலிஷ் முடிந்து, மறுபடி செய்ய நேர்ந்த ஷாட்டுகள் பக்கம் மாறிய அந்த ஐந்து மட்டுமே.

மாற்ற வேண்டியவை

அளவு காப்பவரை 9ஆம் வாரத்தில் நியமித்தது மிகவும் காலம் கடந்த செயல். கல்லில் முதல் உளி படுவதற்கு முன்னரே நடுக்கோடு விழுகிறது. இங்கும் முதல் லேஅவுட் கோப்பு திறக்கப்படும் நாளில் அவர் இருக்க வேண்டும். அவருடைய சோதனைப் பட்டியலில் இட வல வேறுபாடும் இப்போது சேர்க்கப்பட்டுள்ளது: எந்த மேற்கோள் படத்தையும் திருப்பினால் கோப்பின் பெயரிலேயே அது குறிக்கப்பட வேண்டும்.

பூட்டும் விதியை நீக்கவில்லை, ஆனால் நிபந்தனை ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். ஒவ்வொரு ஷாட்டின் இரு முனைகளிலும் 8 ஃபிரேம்களும், சட்டத்தைச் சுற்றிப் பத்தில் ஒரு பங்கு இடமும் கூடுதலாக இருந்தால்தான் அந்த லேஅவுட்டைப் பூட்டலாம். குழுவில் இதற்கு 'மூக்குக் கல்' என்று பெயர் விழுந்துவிட்டது.

பிளாக்கிங்குக்குத் திரும்பிய முடிவில் ஒரு பிழை இருந்தது. பாலிஷ் முடிந்த 17 ஷாட்டுகளில் குறையில்லாத ஆறையும், எல்லாம் ஒரே அடுக்காக இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில், கழற்றச் சொன்னேன். அவற்றில் நான்கு அந்த இளம் அனிமேட்டருடையவை. இரவுகள் பல செலவிட்டு அவர் செய்தவை. மூன்று வாரம் கழித்து அவை ஏறக்குறைய முன்பு இருந்த நிலைக்கே திரும்பி வந்தன. ஒரு வாரத்துக்கு மேல் அவர் கூட்டங்களில் வாய் திறக்கவில்லை. அதைக் குறை சொல்ல முடியாது. அளவுகோலை வைத்துப் பார்த்து, தேறியதை விட்டிருக்க வேண்டும்.

நடன ஆசிரியையின் இரண்டு நாட்களும் திட்டச் செலவில் முதலில் இடம்பெறவே இல்லை. அடுத்த திட்டத்தில் அவை அனிமேட்டிக்குக்கு (ஸ்டோரிபோர்டை நேர அளவோடு ஓட்டிப் பார்க்கும் முன்வரைவு) முன்பே வைக்கப்பட்டுள்ளன.

கடைசியாக ஒரு சிறு செய்தி. படத்தின் இறுதியில் பெயர்கள் ஓடும்போது, அளவு காத்தவரை எந்தப் பதவியின் கீழ் குறிப்பது என்று தெரியாமல், ஒப்படைக்கும் நாளன்று மாலை வரை அந்த வரி காலியாகக் கிடந்தது. இராசராசன் தன் கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனைப் பெயர் சொல்லிப் பதித்திருப்பதை யாரோ நினைவூட்டினார்கள். 'நூல் பிடித்தவர்' என்று எழுதி, இயக்குநரின் பெயருக்கு அடுத்த வரியில் வைத்தோம்.